அடி அண்ணாமலையில் வாங்கிய கையெழுத்து

ஷெஃபீல்டில் நான் வேலை பார்க்கும் கிளினிக்கில், புதிதாக வருகிறவர்களிடம் ஒரு படிவம் கொடுப்போம். பெயர், வயது, முகவரி, அதற்குக் கீழே கணவர் பெயர். எழுபதுகளின் கடைசியில் ஒருநாள் காலை, ஜோன் என்ற பெண் அதை நிரப்பிக் கொடுத்தாள். கணவர் பெயருக்கு நேரே ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து, அந்த இடத்தை விரலால் காட்டித் திருப்பிக் கொடுத்தேன். அவள் அதே கோட்டின் மேல் இன்னும் அழுத்தமாக ஒரு கோடு இழுத்து நீட்டினாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, புரிந்ததாக நினைத்துக்கொண்டேன். பாவம், இந்த வயதிலேயே போய்விட்டாரா என்று அவள் கையைப் பிடித்து, மிகவும் வருந்துகிறேன் என்றேன். யாரும் சாகவில்லையே என்றாள். அப்படியானால் விட்டுவிட்டுப் போய்விட்டாரா என்று கேட்டேன். போவதற்கு முதலில் யாராவது வந்திருக்க வேண்டுமே என்று சொல்லிச் சிரித்தாள்.

நான் இங்கிலாந்துக்கு வந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. வேலூரில் நர்சிங் படித்தவள். பொது வார்டிலிருந்து அந்த மாதம்தான் இங்கே மாறியிருந்தேன். குழந்தை இல்லாத தம்பதிகள் வருவார்கள் என்று சொல்லிச் சேர்த்தார்கள். தம்பதியில் பாதி மட்டும் வரும் என்று யாரும் சொல்லவில்லை. நடைபாதையில் நிறுத்தி டாக்டரைக் கேட்டேன். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல அவர் சொன்னார்: ஜோனுக்கு முப்பத்தெட்டு வயது, நூலகத்தில் வேலை, கல்யாணம் வேண்டாம், பிள்ளை வேண்டும். யாரென்று சொல்லப்படாத ஓர் ஆணின் விந்தை, கரு தங்கக்கூடிய நாளில் உள்ளே செலுத்துவார்கள். பத்து நிமிட வேலை. மணமாகாதவர்களைப் பல கிளினிக்குகளில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், நான் அனுப்புவதில்லை என்றார். பத்து நிமிடமும் தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றது நான்தான். கை தன் வேலையைச் செய்தது. காதல் என்று ஓடிப்போனவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், ஏமாந்து வயிற்றில் வாங்கிக்கொண்டவர்களுக்கு மருந்து கொடுத்திருக்கிறேன். ஓர் ஆணின் முகத்தைக்கூடப் பார்க்காமல், லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, படுத்து எழுந்து, கோட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பிப் போகிற பெண்ணை அன்றுதான் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே, மடித்து ஒட்டி அனுப்பும் ஓர் ஏரோகிராம் தாளில் இதை எழுதி அக்காவுக்குப் போட்டேன். வெளிநாட்டுக்கு வந்த எல்லோரும் செய்வதுதான். இங்கே பார்க்கிற அதிசயத்தை ஊருக்கு எழுதி, 'என்ன ஜனங்களோ' என்று ஒரு வரி சேர்த்து முடிப்போம். அந்த வரியையும் சேர்த்திருந்தேன்.

என் அக்கா பூங்காவனம் திருவண்ணாமலையில் பெண்கள் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியை. (இதில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.) அம்மாவும் அவளும் செங்கம் ரோட்டில் வாடகை வீட்டில் இருந்தார்கள். எங்களுக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம் வேர்க்கடலை விளையும் மணிலாக் கொல்லை இருந்தது. அப்பா போன பிறகு அதைக் குத்தகைக்கு விட்டிருந்தோம். அக்காவுக்கு இருபது வயதில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ஏகாம்பரம், கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா. நல்ல மனிதர், அதிர்ந்து பேசமாட்டார், ஞாயிறு தவறாமல் மலை சுற்றுவார். எட்டாவது மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, சட்டையை மடித்து நாற்காலியில் வைத்து, கைக்கடிகாரத்தை அதன் மேல் வைத்துவிட்டுப் போனவர் திரும்பவில்லை. நாலைந்து நாள் தேடி, மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலையில் கண்டுபிடித்தோம். தலையை மழித்து, காவி கட்டி, ஒரு குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தார். என் அப்பா அவர் காலில் விழாத குறை. மன்னிச்சிடுங்க என்ற ஒரு வார்த்தைக்கு மேல் அவரிடமிருந்து வரவில்லை.

வேறு ஊரில் என்றால் அவரை நாலு பேர் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருப்பார்கள். திருவண்ணாமலையில் அப்படி முடியாது. சாமியாராகப் போனவனைத் திட்டினால் பாவம் என்று நினைக்கிற ஊர். அவரைக் கும்பிட்டார்கள், அக்காவைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். அக்கா படித்து வேலைக்குப் போனாள். தாலியைக் கழற்றவில்லை, கழற்ற அவள் விதவையும் இல்லை. அவளைச் சாமியார் பொண்டாட்டி என்றார்கள். கிண்டலாகக்கூட இல்லை, அடையாளத்துக்காக. கடைத்தெருவில் எப்போதாவது எதிரே வந்தால் அவர் தலையைக் குனிந்துகொண்டு போவார். அக்கா குனியமாட்டாள்.

என் ஏரோகிராமுக்குப் பதில் ஒரு மாதம் கழித்து வந்தது. மழை கம்மி, அம்மாவுக்கு முட்டி வலி ஜாஸ்தி, பாட்டரிப் பெட்டி ரேடியோ பழுது என்று வழக்கமான சேதிகள். பஸ்ஸில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். ஒட்டுகிற மடிப்பின் ஓரத்தில், மூன்று வரி பொடியாக எழுதியிருந்தாள். "நீ எழுதின அந்த நூலகப் பெண்ணைப் பத்தி யோசிச்சேன். பேப்பர்ல சோதனைக்குழாய்க் குழந்தைனு போட்டானே, அதுவா இது, வேறயா? எனக்கு முப்பத்தேழு ஆகுது. எனக்குச் செய்வாங்களா, விசாரிச்சு எழுது."

இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி, ஊர்க்கோடி வரை போய்விட்டேன். அந்தக் குளிரில் திரும்பி நடந்து வந்ததுகூட எனக்கு நினைவில்லை. முதலில் வந்தது பயம் இல்லை, அருவருப்பு. அக்காவை அந்தக் கட்டிலில் நினைத்துப் பார்த்தேன், உடம்பு கூசியது. அதற்குள் ஜோனுக்கு இரண்டு முறை தட்டு ஏந்தியிருந்தேன். அவளோடு பேசிப் பழகி, இந்தத் தடவையாவது தங்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டும் இருந்தேன். வெள்ளைக்காரிக்கு வேண்டிக்கொண்டவளுக்குத் தன் அக்கா கேட்டதும் ஏன் அருவருப்பு வந்தது? அவர்கள் வேறு, நாம் வேறு என்ற நினைப்பைப் பெட்டியோடு கொண்டுவந்திருந்தேன், அவ்வளவுதான். இரண்டு மாதம் அக்காவுக்கு வேறு என்னென்னவோ எழுதினேன். ஒரு கம்பளிச் சட்டைகூட அனுப்பினேன். சட்டை சரியாக இருக்கிறது, நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை என்று எழுதினாள்.

அடுத்த பொங்கலுக்கு ஐந்து வாரம் லீவில் போனேன். நாலு நாள் அக்கா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஐந்தாவது நாள், பரீட்சைத் தாள்கள் திருத்திக்கொண்டிருந்தாள். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். நான்தான் ஆரம்பித்தேன். இது நம் ஊருக்கு ஆகாது, தெரிந்தால் உன்னை வாழவிடமாட்டார்கள், வேண்டுமானால் ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கலாம், உனக்குத்தான் பள்ளிக்கூடம் நிறையப் பிள்ளைகள் இருக்கிறார்களே என்றெல்லாம் சொன்னேன். அக்கா சிவப்பு மையில் மார்க் போட்டு, தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"வருஷத்துக்கு நாப்பது புள்ளைங்களைப் பாக்கறேன் தனம். மணி அடிச்சா எல்லாம் அது அது வீட்டுக்குப் போயிடுது. எனக்கு வீட்டுக்கு வர்ற புள்ள வேணும். தத்து எடுக்கறதுக்கும் புருஷன் எங்கன்னுதான் கேக்கப்போறான். அதுக்கு இதையே கேட்டுட்டுப் போறேன்."

கண் பரிசோதனை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு இருவரும் மெட்ராஸ் போனோம். எனக்குத் தெரிந்தவர்கள் மூலம் ஒரு லேடி டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தேன். குழந்தை பாக்கியம் இல்லாதவர்களுக்கு இதை அவர் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தார். கணவனிடம் குறை இருந்தால், அவனும் சம்மதித்தால், யாரோ ஒரு மருத்துவ மாணவனிடமிருந்து வாங்கி மனைவிக்குச் செலுத்துவார்; வெளியே யாருக்கும் தெரியாது. அக்காவின் தாலியைப் பார்த்ததும் உங்க வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எடுத்தாச்சா என்று கேட்டார். அக்கா நடந்ததை நடந்தபடி சொன்னாள். டாக்டர் பேனாவை மூடிவைத்தார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார், லண்டனிலிருந்து நீ கொண்டுவந்த யோசனையா என்பதுபோல. பிறகு அக்காவிடம், புருஷன் கையெழுத்து இல்லாமல் நான் தொடமாட்டேன், அவர் போட்டால் பார்க்கலாம் என்றார். சாமியாரிடம் போய் யார் இதைக் கேட்பார்கள் என்ற நிம்மதியில் சொன்ன பேச்சு அது. எனக்கும் அதே நிம்மதி. அக்கா, அந்த ஃபாரத்தைக் குடுங்க டாக்டர் என்று கையை நீட்டினாள்.

இரண்டு நாள் கழித்துத் திங்கட்கிழமை காலை, அடி அண்ணாமலைக்குப் போகலாம் வா என்றாள். அவர் மறுத்துவிடுவார் என்ற தைரியத்தில்தான் நான் கூடப் போனேன்.

குடிசை இப்போது ஓட்டுக்கூரையாக மாறியிருந்தது. வாசலில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, காவிப் புடவையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு, கூட்டிக்கொண்டிருந்தாள். உதட்டில் விரலை வைத்து, "இன்னைக்கு சாமி பேச மாட்டான்" என்று மிகுந்த பக்தியோடு சொன்னாள். திங்கட்கிழமை மௌனம், ஏதாவது கேட்டால் சிலேட்டில் எழுதிக் காட்டுவார் என்று மீதியை என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். உன் அக்கா சுவாமியை எவ்வளவு காலமாக அறிவாள் என்று கேட்டாள். நான் தமிழில் சொல்ல, அக்கா "பதினேழு வருஷம்னு சொல்லு" என்றாள். அந்தப் பெண்மணியின் கண்கள் விரிந்தன. எவ்வளவு பெரிய பாக்கியம் என்று அக்காவைக் கும்பிட்டு, மூத்த அடியாருக்கு மரியாதையாகத் துடைப்பத்தோடு கொல்லைப்புறம் போய்விட்டாள். வெள்ளைக்காரர்களை நான் தப்பாகப் புரிந்துகொள்வது இங்கிலாந்தில் தினமும் நடப்பது. என் ஊரில் அவர்கள் என் அக்காவைத் தப்பாகப் புரிந்துகொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

அவர் பாயில் உட்கார்ந்திருந்தார். தாடி பாதி நரைத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எழப்போனார், பிறகு உட்கார்ந்துவிட்டார். அக்கா விழுந்து கும்பிடவில்லை. எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"உங்களை நான் இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல. இப்ப கேக்கறேன். எனக்கு ஒரு கொழந்தை வேணும். ஆஸ்பத்திரியில செய்வாங்க, நீங்க ஒண்ணும் செய்யவேணாம். கையெழுத்துப் போட்டா போதும்."

அவர் படிவத்தை எடுத்து, வரிக்கு வரி விரல் வைத்து, ஆபீஸ் காகிதம் படிக்கிற மாதிரியே படித்தார். இரண்டு தடவை படித்தார். சிலேட்டை எடுத்து எழுதித் திருப்பினார்: யாருடைய குழந்தை?

"என் கொழந்தை" என்றாள் அக்கா.

துண்டால் அழித்துவிட்டு மறுபடி எழுதினார்: ஊர் என்ன நினைக்கும்?

"நீங்க எழுந்து போன அன்னைக்கு ஊரைக் கேட்டுக்கிட்டா போனீங்க?"

அவள் குரலை உயர்த்தவே இல்லை. அவர் அதை அழிக்கவும் இல்லை, மேலே எழுதவும் இல்லை. வெளியே யாரோ கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வாளி இறைத்திருப்பார்கள். பிறகு பேனாவுக்காகக் கையை நீட்டினார். படிவத்தைச் சிலேட்டின் மேல் வைத்து, அந்த ஊரில் யாரும் இப்போது கூப்பிடாத தன் பெயரை, இனிஷியலோடு, குமாஸ்தாக் கையெழுத்தில் போட்டார். விட்டுவந்த பெயரை அவர் திரும்ப எழுதுவார் என்று நான் நினைக்கவே இல்லை. தான் இன்னும் புருஷன்தான் என்று ஒப்புக்கொண்டு போட்ட கையெழுத்து அது. நாளைக்குப் பிள்ளை பிறந்தால் ஊர் முதலில் இழுக்கப்போவது அவரைத்தான். அது தெரியாதவர் இல்லை.

திரும்பும் வழியில் அக்காவைக் கேட்டேன், ஏன் மௌன நாளாகப் பார்த்துப் போனாய் என்று. "பேசற நாள்ல போனா தத்துவம் பேசுவாரு" என்றாள்.

மெட்ராஸ் டாக்டர் அந்தக் கையெழுத்தைப் பார்த்து அதிர்ந்துபோனார் என்றாலும் சொன்ன சொல்லை மாற்றவில்லை. நான் ஷெஃபீல்டுக்குத் திரும்பிவிட்டேன். அக்கா மாதம் ஒருமுறை லீவு போட்டு மெட்ராஸ் போய்வந்தாள். நாலாவது மாதம் தங்கியது. அம்மாவிடம் அதற்குப் பிறகுதான் சொன்னாள். அம்மா மூன்று நாள் அவளோடு பேசவில்லை, சாப்பிடவும் இல்லை. நாலாவது நாள், "வாந்தி ஜாஸ்தியா இருக்குதா?" என்று கேட்டாளாம். அதோடு சரி.

ஊர் அப்படி விடவில்லை. வயிறு தெரிய ஆரம்பித்ததும், சாமியார் ரகசியமாக வந்துபோகிறார் என்று தானாகவே முடிவுகட்டியது. அக்காவுக்கு எதிராக யாராலும் ஒன்றும் சொல்லமுடியவில்லை. பிரசவ லீவு விண்ணப்பத்தில் கணவர் பெயரைப் பார்த்துத் தலைமை ஆசிரியை உடனே கையெழுத்துப் போட்டாராம். எல்லாம் சாமியார் தலையில் விடிந்தது. பால் கொண்டுவந்து வைத்தவர்கள் நிறுத்தினார்கள். இடம் கொடுத்தவர் காலி செய்யச் சொன்னார். குளத்தங்கரையில் யாரோ அவர் மேல் எச்சில் துப்பினார்கள். என் குழந்தை இல்லை என்று ஒரு வார்த்தை சிலேட்டில் எழுதியிருந்தால் போதும். அவர் எழுதவில்லை. அந்த வெள்ளைக்காரப் பெண்மணி எங்கள் வீட்டுக்கே வந்து, உண்மையா என்று அக்காவைக் கேட்டாளாம். அக்காவுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அவர் என் கணவர் என்று மட்டும் சொன்னாள். அந்த அம்மாள் தெருவிலேயே நின்று அழுதுவிட்டு, அந்த வாரமே ஊரைவிட்டுப் போய்விட்டாள். ஒவ்வொரு ஏரோகிராமாக இதையெல்லாம் படித்தபோது, எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு தட்டை ஏந்திக்கொண்டு நின்றதற்கு இத்தனையா என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஜோனுக்கு அதே வருடம் ஆண் பிள்ளை பிறந்தது. பூ வாங்கிக்கொண்டு பிரசவ வார்டுக்குப் போனேன். அவள் விரலில் ஒரு மோதிரம் இருந்தது. யார் கொடுத்தது என்று சந்தோஷமாகக் கேட்டேன். நானே கடையில் வாங்கியது என்று கிசுகிசுத்தாள். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் கேட்கிறார்களாம். மருமகன் கப்பலில் வேலை பார்க்கிறான் என்று அவள் அம்மா தெருவில் சொல்லிவைத்திருக்கிறாளாம். யார் கையெழுத்தும் கேட்காத தேசம் என்று நான் அத்தனை நாளும் ஊருக்கு எழுதிக்கொண்டிருந்தது இந்த தேசத்தைப் பற்றித்தான்.

அக்காவின் மகள் தேன்மொழிக்கு நாலு வயதானபோது மறுபடி போனேன். கறுப்பாக, துறுதுறுவென்று, அக்காவின் நெற்றியோடு இருந்தாள். மூவரும் செங்கம் ரோட்டில் காய்கறி வாங்கப் போனோம். எதிரே அவர் வந்தார், ஒரு துணிப்பையோடு. அடி அண்ணாமலையை விட்டபின் வேறொரு மண்டபத்தில் இருக்கிறார், இப்போது மறுபடி சிலர் சாப்பாடு கொடுக்கிறார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள். இந்தமுறை அவர் தலையைக் குனியவில்லை. தேன்மொழி எந்தச் சாமியாரைப் பார்த்தாலும் செய்வதுபோலக் கையைக் கூப்பி நின்றாள். அவர் பையிலிருந்து திருநீறு எடுத்து அவள் நெற்றியில் பூசி, கண்ணில் விழாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டு ஊதிவிட்டு, போய்விட்டார். அக்கா அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவரு பேரு கெட்டுப்போச்சே அக்கா" என்றேன்.

"பதினேழு வருஷம் எனக்கு என்ன பேரு இருந்துச்சு?" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, கேட்காமலே, "தப்புதான். இவ பெரியவளானா எல்லாத்தையும் சொல்லிடுவேன். அவருக்காகவாவது சொல்லணும்" என்றாள்.

நான் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டு பேரும் வந்தார்கள். ஷெஃபீல்டில் என் டாக்டர் ஒருமுறை சாதாரணமாக, நீயும் தனியாகத்தானே இருக்கிறாய், யோசித்ததில்லையா என்று கேட்டதை அக்காவிடம் சொல்ல நினைத்து, லீவு முழுக்கச் சொல்லாமலே விட்டிருந்தேன். அங்கே டாக்டரிடம் என்றால், என் ஊரில் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்பேன். இங்கே அக்காவிடம் எதைச் சொல்லி மறுப்பேன்? மெட்ராஸ் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அக்கா இடுப்பிலிருந்தபடியே தேன்மொழி கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"சித்தி, ஊருக்குப் போயிட்டு மறுபடி எப்ப ஊருக்கு வருவீங்க?"

சீக்கிரம் வருகிறேன் என்றேன். பஸ் நகர்ந்தது. கீழ்பென்னாத்தூர் தாண்டும் வரை மலை பின்கண்ணாடியில் வந்துகொண்டே இருந்தது. கண்டக்டர் ஒவ்வொரு சீட்டாகக் கேட்டுக்கொண்டு என்னிடம் வந்து, "எந்த ஊரும்மா?" என்றார். வாயைத் திறந்தேன், பெயர் வரவில்லை. அவர் டிக்கெட்டைக் கிழிக்காமல் விரலில் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை கேட்டார்.